பிந்திப்போன மாதவிடாயும் பிள்ளை தங்கிய பயமும்: மட்டக்களப்புப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் பக்கம் ஒருத்தி கர்ப்பமாக இருந்தால் "முழுகாமல் இருக்கிறாள்" என்றுதான் சொல்வோம். மாதச் சுகயீனம் முடிந்து தலை முழுகும் நாள் இந்த முறை வரவில்லை, ஆகவே வயிற்றில் பிள்ளை. அந்தச் சொல்லோடு சேர்ந்து ஒரு கணக்கும் எங்கள் மனதில் ஏறிவிட்டது: நாள் தள்ளினால் பிள்ளைதான். கணக்குப் பாதிதான் சரி. தள்ளிப்போகிற மாதமெல்லாம் பிள்ளை இல்லை. இரத்தம் பட்டுவிட்டது என்பதற்காகப் பிள்ளை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

நான் குடும்பநல உத்தியோகத்தர். நீங்கள் கூப்பிடுகிறபடி சொன்னால் மிட்வைஃப் மிஸ். வாவிக்கு இந்தக் கரையிலும் படுவான்கரையிலும் வேலை செய்த ஆண்டுகளில் கிணற்றடியில், கிளினிக் வாசலில், இரவு 10 மணிக்குப் போனில் என்று திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கேட்கும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சத்தமில்லாமல் வாசிக்கட்டும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

எத்தனை நாள் பிந்தினால் உண்மையில் பிந்தியது?

முதலில் உங்கள் சுற்று எத்தனை நாள் என்று தெரிய வேண்டும். ஒரு மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் நாள் வரை எண்ணுங்கள். 28 நாள் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்துக் கணக்கு. வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரை எதுவும் வழமைதான். ஒருத்திக்கே ஒரு மாதம் 27, மறு மாதம் 31 என்று ஆடும். ஆகவே 2, 3 நாள் தள்ளியதைப் பிந்தியதாகவே எடுக்க வேண்டாம். ஒரு கிழமை தாண்டினால், அதுவும் இடையில் உறவு நடந்திருந்தால், டெஸ்ட் செய்து பார்க்க வேண்டும்.

"போன மாதம் எப்போது வந்தது?" என்று கேட்டால் "சித்திரை வருசத்துக்குப் பிறகுதான் மிஸ், சம்பளம் எடுத்த கிழமை" என்பார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடுப்படிக் கலண்டரில் ஒரு புள்ளி போட்டு வையுங்கள். யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள், உங்களுக்கு மட்டும் விளங்கும்.

எந்த நாட்களில் உறவு கொண்டால் பிள்ளை தங்கும்?

சூலகத்திலிருந்து மாதத்துக்கு ஒரு முட்டை வெளிவரும். அது ஏறக்குறைய ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். இரண்டையும் சேர்த்தால், முட்டை வரும் நாளும் அதற்கு முந்திய 5 நாளுமாக 6 நாட்கள்தான் பிள்ளை தங்கக்கூடிய நாட்கள்.

அந்த நாள் எது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்னதாக முட்டை வரும். 28 நாள் சுற்று என்றால் 14ஆம் நாள். 35 நாள் சுற்று என்றால் 21ஆம் நாள். 24 நாள் சுற்று என்றால் 10ஆம் நாளே வந்துவிடும். அப்படிப்பட்டவள் முழுகி முடித்த 6ஆம் நாள் உறவு கொண்டாலும் பிள்ளை தங்கலாம். "முழுகி ஒரு கிழமைக்குப் பயமில்லை" என்ற பேச்சை நம்பி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் இந்தக் குறுகிய சுற்றுக்காரர்தான். சுற்று ஒழுங்கில்லாதவர்கள் நாள் கணக்கை மட்டும் நம்பி இருக்கவே கூடாது.

ஒரே ஒரு தடவைதான். அதிலும் தங்குமா?

தங்கலாம். ஆனால் நிச்சயம் தங்கும் என்றும் இல்லை. முட்டை வரும் நாளையொட்டி, பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டாலும் 10 பேரில் ஏறக்குறைய 3 பேருக்குத்தான் அந்த ஒரு தடவையில் தங்கும். மற்ற நாட்களில் அதைவிடக் குறைவு, பல நாட்களில் இல்லவே இல்லை. ஆண்டுக்கணக்காகப் பிள்ளைக்குக் காத்திருப்பவர்களையும் நான் பார்க்கிறேன், ஒரு தடவையில் தங்கியவர்களையும் பார்க்கிறேன். இரண்டும் உடம்பின் கணக்குத்தான், சாபமும் இல்லை, தண்டனையும் இல்லை.

உள்ளே போகவில்லை, உடுப்போடுதான் இருந்தோம். வெளியேதான் விட்டார். பயப்பட வேண்டுமா?

கட்டிப்பிடித்தது, முத்தம், உடுப்பின் மேலாகத் தொட்டது, கதிரையில், கக்கூசில், குளத்தில் குளித்தது: இவற்றால் பிள்ளை தங்காது. காற்றில் காய்ந்த விந்தில் உயிர் இல்லை. பெண்ணுறுப்பின் வாசலிலேயே விந்து பட்டிருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனாலும் முற்றாக இல்லை என்று சொல்ல முடியாது.

உள்ளே போய், கடைசியில் வெளியே எடுப்பது வேறு கதை. அதையே கருத்தடை முறையாக வைத்திருக்கும் 100 பெண்களில் ஏறக்குறைய 20 பேருக்கு ஓர் ஆண்டுக்குள் பிள்ளை தங்கிவிடுகிறது. "அவர் கவனமானவர் மிஸ்" என்பார்கள். கவனம் இருந்தாலும், விந்து வருவதற்கு முன் கசியும் நீரிலேயே சிலருக்கு விந்தணு இருக்கும்.

டெஸ்ட் எப்போது செய்வது? எப்படிச் செய்வது?

பிள்ளை தங்கினால் உடம்பில் எச்.சி.ஜி. என்ற ஹோர்மோன் சுரக்கும். கரு கருப்பைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் அது தொடங்கும். முட்டை வந்த நாளிலிருந்து அதற்கு 6 முதல் 12 நாள் ஆகும். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒரு தரம் அது இரட்டிப்பாகிக்கொண்டே போகும். ஆகவே நேற்று நடந்ததற்கு இன்று டெஸ்ட் செய்வதில் பயனே இல்லை. மாதவிடாய் வர வேண்டிய நாள் தாண்டியதும் செய்யலாம். எப்போது வரும் என்றே தெரியாதவர்கள் உறவு நடந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணிச் செய்யுங்கள். அந்த 21 நாள் நீளமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் 8ஆம் நாள் செய்து "இல்லை" என்று வந்ததை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்தவர்களும் உண்டு.

பார்மசியில் "யூரின் டெஸ்ட் ஸ்ட்ரிப்" என்று கேட்டால் தருவார்கள். ஊர்ப் பார்மசியில் கேட்கக் கூச்சமாக இருந்தால் பஸ் ஏறி டவுனுக்குப் போய் வாங்குங்கள், அல்லது கணவரை அனுப்புங்கள். விடிய எழும்பிய முதல் சிறுநீரைச் சுத்தமான, காய்ந்த கோப்பையில் எடுக்க வேண்டும். ஸ்ட்ரிப்பில் உள்ள அம்புக்குறிக் கோட்டுக்கு மேல் நனையாமல், பைக்கற்றில் சொல்லியிருக்கும் நொடிகள் வரை பிடித்து, தட்டையாக வையுங்கள். 5 நிமிடத்தில் பாருங்கள்: ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் ஆம். 10 நிமிடம் தாண்டினால் பார்க்க வேண்டாம். அதற்குப் பிறகு சிறுநீர் காய்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு பொய்க்கோடு தெரியும்.

ஒரு நாள் ஒரு தங்கச்சி பிஸ்கட் உறைக்குள் சுற்றி ஒரு ஸ்ட்ரிப்பைக் கொண்டு வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து, "மிஸ், இதில் ஒன்றா இரண்டா?" என்றாள். முதல் நாள் காலை செய்ததாம். அதன் பிறகு ராத்திரி முழுவதும் டோர்ச் அடித்து அடித்துப் பார்த்திருக்கிறாள். கோடு பென்சிலால் இழுத்ததுபோல இருந்தது. அந்த ஸ்ட்ரிப்பை வைத்து நான் ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக ஒன்றில் அடுத்த நாள் விடிய செய்யச் சொன்னேன். 3 நிமிடத்தில் ஒரே ஒரு கோடு. அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

நேரத்துக்குள்ளேயே பார்த்தேன், இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிகிறது. எப்படி எடுப்பது?

நிறத்தோடு கூடிய கோடு, நேரத்துக்குள் வந்தது என்றால் மங்கலாக இருந்தாலும் "ஆம்"தான். 2, 3 நாள் விட்டு மீண்டும் செய்தால் கோடு தடிக்கும். தடிக்காமல் மறைந்து, இரத்தமும் பட்டால் ஆரம்பத்திலேயே கலைந்திருக்கலாம். அதற்கும் டொக்டரைக் காண வேண்டும். கோடே விழவில்லை என்றால் ஸ்ட்ரிப் பழுது, வேறு ஒன்று வாங்குங்கள்.

டெஸ்டில் இல்லை. ஆனாலும் வரவில்லையே?

ஒரு கிழமை கழித்து இன்னொரு தரம் செய்யுங்கள். அப்போதும் இல்லை என்றால் பிள்ளைக்கான சாத்தியத்தை விட்டுவிட்டு வேறு காரணம் தேடலாம்.

மனம் நெருக்கப்பட்டால் மூளை முட்டையைத் தாமதிக்கும். முட்டை பிந்தினால் மாதவிடாயும் பிந்தும். உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு, வெள்ளத்தில் வீடு விட்டு முகாமுக்குப் போனவர்களுக்கு, வீட்டில் ஒரு சாவு நடந்த பிறகு, கார்மெண்ட்ஸில் இரவுச் சிப்ட் மாறியவர்களுக்கு, வெளிநாட்டு வீட்டுவேலையில் சாப்பாடு தூக்கம் கெட்டுத் திரும்பியவர்களுக்கு இது நடப்பதைப் பார்த்திருக்கிறேன். "வந்துவிடுமா, வராதா" என்று தவிக்கும் தவிப்பே இன்னும் சில நாள் தள்ளிவிடக்கூடும்.

உடம்பு சட்டென்று மெலிந்தாலும் ஊதினாலும் சுற்று குழம்பும். தைரொயிட் குறைபாடு ஒரு காரணம். பி.சி.ஓ.எஸ். என்று சொல்லும் சூலகக் கோளாறு இன்னொன்று. அதில் முட்டை ஒழுங்காக வெளிவராது, மாதவிடாய் 2, 3 மாதத்துக்கு ஒரு தரம் வரும், சிலருக்கு நாடியில் முடி வளரும், முகப்பரு வரும். மருந்துகளையும் மறக்க வேண்டாம்: வாந்திக்கும் வயிற்று ஊதலுக்கும் எழுதும் டொம்பெரிடோன், மனநோய்க்கான சில குளிசைகள் மாதவிடாயைத் தடுக்கக்கூடியவை. பெரியபிள்ளையாகி முதல் 2, 3 ஆண்டு சுற்று ஒழுங்கில்லாமல் இருப்பது இயல்பு. அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதம் தவறியதும் தாய் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது பெரிய கொடுமை.

ஒழுங்காக வந்துகொண்டிருந்தவருக்கு 3 மாதம் வராவிட்டால் டொக்டரிடம் போக வேண்டும். 15 வயதாகியும் பெரியபிள்ளையாகாத மகளையும் கூட்டிப் போங்கள்.

கோயில் சடங்குக்காக மாதவிடாயைத் தள்ளக் குளிசை போட்டேன். நிறுத்தியும் வரவில்லை.

வைகாசி பிறந்தால் இந்தக் கேள்வி வரத் தொடங்கும். கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு, கடைசியில் திருக்குளிர்த்தி. அந்த நாட்களில் தீட்டு வந்துவிடக்கூடாது என்று பார்மசியில் குளிசை வாங்குவார்கள். காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் நோன்பு காலத்திலும், உம்றா, ஹஜ்ஜுக்குப் போகும்போதும் இதே குளிசைதான். அதன் பெயர் நொரெதிஸ்டெரோன். வழக்கமாக 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 3 தரம், மாதவிடாய் வர வேண்டிய நாளுக்கு 3 நாள் முன்னதாகத் தொடங்குவது.

நிறுத்தி 2, 3 நாளில் மாதவிடாய் வர வேண்டும். சிலருக்கு இன்னும் சில நாள் எடுக்கும். ஒரு கிழமை கடந்தும் வராவிட்டால் டெஸ்ட் செய்யுங்கள். இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. "குளிசை போட்டுக்கொண்டுதானே இருந்தேன், எப்படித் தங்கும்?" என்று கேட்பார்கள். இந்தக் குளிசையை இப்படிப் பாவிப்பது கருத்தடை ஆகாது. அதுமட்டுமில்லை, நீங்கள் அதைத் தொடங்கும்போது முட்டை ஏற்கனவே வந்து முடிந்திருக்கும், பிள்ளையும் தங்கியிருக்கலாம். குளிசை மாதவிடாயை மறைத்துவிடுவதால் தெரிய இன்னும் 10 நாள் பிந்தும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அயல்வீட்டு அக்கா மிச்சம் வைத்த அட்டையை வாங்கிப் போடாதீர்கள். காலில் அல்லது நெஞ்சில் இரத்தம் கட்டியவர்கள், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் போடக்கூடாது. டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள். கடவுளுக்காகச் செய்வதை உடம்புக்குப் பாதுகாப்பாகச் செய்வதில் பிழை இல்லை.

இரத்தம் பட்டது, ஆனால் கொஞ்சம்தான். இது மாதவிடாய்தானா?

வழமையான அளவில், வழமையான நாட்கள் பட்டிருந்தால் பெரும்பாலும் மாதவிடாய்தான். ஒன்றிரண்டு துளி, மண்ணிறம், ஒரு நாளில் நின்றுவிட்டது என்றால் நம்பிவிட வேண்டாம். கரு ஒட்டும் நாட்களில் அப்படிப் படலாம். கருப்பைக்கு வெளியே பிள்ளை தங்கினாலும் அப்படிப் படலாம். அது ஆபத்து, கடைசியில் சொல்கிறேன். டெஸ்ட் செய்யுங்கள்.

கருத்தடைக்கு 3 மாத ஊசி போடுகிறேன். மாதவிடாயே நின்றுவிட்டது. கெட்ட இரத்தம் உள்ளே தேங்குமா?

தேங்காது. ஊசி இருக்கும்போது கருப்பையின் உள்தோல் மெல்லியதாகவே இருக்கும், வெளியேற ஒன்றும் இல்லை. ஊசித் திகதி தவறாதவர்கள் பயப்பட வேண்டியதில்லை. திகதி தவறிப் பல நாளாகிவிட்டது என்றால் கிளினிக் அட்டையோடு வாருங்கள், பார்த்துச் சொல்வோம். ஊசியை விட்ட பிறகு பிள்ளை வேண்டும் என்றாலும் உடம்பு திரும்பப் பல மாதம் எடுக்கும். அதற்கும் கலங்க வேண்டாம்.

கையில் தோலுக்குக் கீழ் வைக்கும் குச்சியிலும் சுற்று குழம்பும், இரத்தம் துளித்துளியாகப் படும். ஆனால் கருப்பைக்குள் செம்பு லூப் வைத்தவர்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வர வேண்டும். லூப் இருந்தும் நாள் தள்ளினால் உடனே டெஸ்ட் செய்து, இருந்தால் அன்றே வைத்தியசாலைக்கு. லூப்போடு தங்கும் பிள்ளை கருப்பைக்கு வெளியே தங்கியிருக்குமோ என்று பார்க்க வேண்டும். மாதக் குளிசைக்காரர்: இடையில் எத்தனை குளிசை தவறியது என்று நேர்மையாக எண்ணுங்கள்.

பால் கொடுக்கிறேன், இன்னும் முழுகத் தொடங்கவில்லை. பிள்ளை தங்காதுதானே?

மூன்று நிபந்தனையும் சேர்ந்து இருந்தால் மட்டும் 100க்கு 98 பங்கு பாதுகாப்பு: பிள்ளைக்கு 6 மாதம் ஆகவில்லை, பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே, மாதவிடாய் இன்னும் திரும்பவில்லை. மா கரைத்துக் கொடுக்கத் தொடங்கினாலும், 7ஆம் மாதம் பிறந்தாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். முதல் முழுக்குக்கு முன்னமே முதல் முட்டை வரும் என்பதை மறக்க வேண்டாம். கைக்குழந்தையோடு அடுத்ததையும் சுமந்து கிளினிக்குக்கு வரும் தாய்மார் பலர் இங்கேதான் ஏமாந்தவர்கள்.

நேற்று இரவு கொண்டம் கிழிந்துவிட்டது. இப்போது ஏதும் செய்யலாமா?

செய்யலாம், இன்றே. அவசரக் கருத்தடைக் குளிசை பார்மசியில் கிடைக்கும். போஸ்டினோர் என்ற பெயரை எல்லோருக்கும் தெரியும். லெவோநொர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே குளிசை. 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு முந்திப் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. போட்டு 2 மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால் திரும்பப் போட வேண்டும். வலிப்புக்கோ கசத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் அதைச் சொல்லிக் கேளுங்கள். சில மருந்துகள் இதன் வேலையைக் குறைத்துவிடும். 5 நாளுக்குள் செம்பு லூப் வைத்துக்கொள்வது இன்னும் உறுதியான வழி.

இந்தக் குளிசை முட்டை வருவதைத் தாமதிக்கிறது. தங்கிவிட்ட பிள்ளையைக் கலைக்காது, அதைக் கெடுக்கவும் மாட்டாது. போட்ட பிறகு மாதவிடாய் ஒரு கிழமை முந்தலாம், பிந்தலாம். அதைவிடப் பிந்தினால் டெஸ்ட். மாதா மாதம் இதையே போடுபவர்களுக்கு நான் சொல்வது: இதைவிட உறுதியான, செலவில்லாத முறைகள் அரசாங்கக் கிளினிக்கில் இருக்கின்றன.

பப்பாசி, அன்னாசி, எள்ளு சாப்பிட்டால் வந்துவிடுமா?

வராது. சாப்பாட்டில் சேரும் அளவு பப்பாசியோ எள்ளுருண்டையோ மாதவிடாயைக் கொண்டுவரவும் மாட்டாது, தங்கிய பிள்ளையைக் கலைக்கவும் மாட்டாது. இரண்டு நாளில் வந்துவிட்டால், சாப்பிடாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும்.

கணவர் கத்தாரிலிருந்து வந்து ஒரு மாதம்தான். கிளினிக்கில் 6 கிழமைப் பிள்ளை என்று எழுதிவிட்டார்கள். மாமி ஒரு மாதிரிப் பார்க்கிறா.

இந்தக் கேள்விக்குத்தான் நான் உயிரைக் கொடுத்துப் பதில் சொல்வேன். ஒன்றுமில்லாத ஒரு கணக்கால் ஒரு பெண் தலைகுனிந்து நிற்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கர்ப்பத்தை எண்ணும்போது உறவு நடந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். உலகம் முழுக்க அப்படித்தான், ஸ்கான் மெசினும் அந்தக் கணக்கில்தான் கிழமை காட்டும். முட்டை எந்த நாள் வந்தது என்று யாருக்கும் தெரியாது, மாதவிடாய் வந்த நாள் தெரியும். காரணம் அவ்வளவுதான். அதனால் பிள்ளை தங்கும் நாளிலேயே கணக்கில் 2 கிழமை ஓடிவிட்டிருக்கும்.

ஓர் உதாரணம். மனைவிக்கு ஆகஸ்ட் 1ஆம் திகதி மாதவிடாய் தொடங்குகிறது. கணவர் 12ஆம் திகதி வந்து இறங்குகிறார். 15ஆம் திகதியளவில் பிள்ளை தங்குகிறது. செப்டம்பர் 12ஆம் திகதி கிளினிக்குக்குப் போகிறாள். ஆகஸ்ட் 1 முதல் 42 நாள், அட்டையில் 6 கிழமை. கணவர் வந்து 31 நாள்தான். பிள்ளை தங்கி 28 நாள். மூன்று எண்ணும் ஒரே பிள்ளைக்குத்தான், மூன்றும் சரி. பிள்ளைப்பேற்றுத் திகதி மே 8 என்று வரும், அதுவும் ஆகஸ்ட் 1இலிருந்து 280 நாள் எண்ணியது.

கிழமை எழுதும் எங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. எண்ணை மட்டும் எழுதிவிட்டு அட்டையை நீட்டக்கூடாது. கூட வந்த மாமியையும் கணவரையும் உட்கார வைத்து விரல்விட்டு எண்ணிக் காட்ட வேண்டும். ஒரு மாமி முழுக்கக் கேட்டுவிட்டு, "இதை முதலே சொல்லியிருந்தா நான் ரெண்டு நாளா சோறு திண்டிருப்பனே மனே" என்றா. மருமகளின் கையை அப்போதுதான் பிடித்தா.

கல்யாணமாகாதவள் நான். கிளினிக்குக்கு வந்தால் திட்டுவீர்களா?

திட்டக்கூடாது. யாராவது திட்டினால் அது எங்கள் பக்கப் பிழை, உங்கள் பிழை இல்லை. நீங்கள் சொல்வதை வெளியே சொல்லாமல் வைத்திருப்பது எங்கள் தொழில் கடமை. உங்கள் ஊர் மிஸ்ஸிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் வேறு ஊர் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம்.

விருப்பமில்லாமல் நடந்திருந்தால் குளிக்க முன், உடுப்பைக் கழுவ முன் வைத்தியசாலைக்குப் போங்கள். பெரிய வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்று ஒரு இடம் இதற்காகவே இருக்கிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் சம்மதித்தாள் என்ற பேச்சைச் சட்டம் ஏற்காது. பிள்ளையை மறைத்து வைத்து நாளைக் கடத்துவதுதான் அவளுக்குச் செய்யும் பெரிய தீங்கு.

தங்கிவிட்டது, இப்போது வேண்டாம். என்ன செய்வது?

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருவைக் கலைக்கலாம். அதனால் களவாகக் குளிசை விற்பவர்களிடமும், பின்கதவால் செய்பவர்களிடமும் பெண்கள் போய் விழுகிறார்கள். எத்தனை மாதம், கரு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் போடும் குளிசையால் இரத்தம் நிற்காமல் போகும், கிருமி தொற்றும், உயிரே போகலாம்.

ஏற்கனவே ஏதும் செய்து காய்ச்சலோ அதிக இரத்தமோ நாற்றமோ இருந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்க வேண்டாம், அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். என்ன போட்டீர்கள் என்று டொக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்கு வைத்தியம் செய்வது அவர்களின் கடமை. எதுவும் செய்யாமல் கலங்கி நிற்பவர்கள் முதலில் என்னைப்போல ஒருவரிடம் வந்து பேசுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

டெஸ்டில் இருக்கிறது, எங்களுக்கும் வேண்டும். முதலில் என்ன?

உங்கள் பகுதி மிஸ்ஸிடம் பதியுங்கள், 8 கிழமைக்குள் பதிந்தால் நல்லது. மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்லக்கூடாது என்ற பழக்கத்தை ஊருக்கு வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு வேண்டாம். போலிக் அசிட் என்ற விற்றமின் குளிசை இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்றே தொடங்க வேண்டும். பிள்ளையின் முள்ளந்தண்டுக் குழாய் மூடுவது தங்கி ஏறக்குறைய 28ஆம் நாள். அதாவது நீங்கள் "பிந்திவிட்டதோ" என்று யோசித்துக்கொண்டிருக்கும் அந்தக் கிழமைகளில். கல்யாணம் முடித்த கையோடு நாங்கள் வந்து போலிக் அசிட் தருவது அதனால்தான். வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

சீனி, பிறஷர், வலிப்பு, இருதய வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம், சும்மா தொடரவும் வேண்டாம். அதே நாள் டொக்டரிடம் காட்டி மாற்ற வேண்டியதை மாற்றுங்கள்.

எனக்கு 46 வயது. 2 மாதமாக வரவில்லை. இனி நின்றுவிட்டதா?

நிற்கத் தொடங்கியிருக்கலாம். ஆனால் 12 மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. அதுவரை முட்டை இடைக்கிடை வரும், பிள்ளையும் தங்கலாம். பேரப்பிள்ளை கண்ட பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு 5ஆம் மாதத்தில் வந்தவர்களும் உண்டு. நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் டொக்டரிடம் காட்டுங்கள்.

எந்த அறிகுறி வந்தால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது?

நாள் தள்ளியிருக்கிறது, அல்லது டெஸ்டில் ஆம் என்று வந்திருக்கிறது. அத்தோடு அடிவயிற்றில் ஒரு பக்கம் குத்தி இழுக்கிறது, தோள்மூட்டு நுனியில் காரணமில்லாமல் நோகிறது, தலை சுற்றி மயக்கம் வருகிறது. இரத்தம் கொஞ்சமாகத்தான் படும், சிலருக்குப் படவே படாது. பிள்ளை கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கி அது வெடிக்கப் போகிறது அல்லது வெடித்துவிட்டது என்று எடுக்க வேண்டும். உள்ளே இரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும், வெளியே தெரியாது.

வாயுக்குத்து என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். படுவான்கரையில் இருப்பவர்கள், வாவியைக் கடக்கும் பாதை (மிதவைப் படகு) வரும்வரை குருமண்வெளித் துறைக்கு எதிரே மண்டூரில் நின்று காத்திருக்க வேண்டாம், சுற்றிப் போகும் தரை வழியாகவே வாகனத்தை விடுங்கள். கடைசி மாதவிடாய்த் திகதியை ஒரு துண்டில் எழுதி அவளின் கையில் கொடுத்து அனுப்புங்கள். மயங்கிவிட்டால் அதை அவளால் சொல்ல முடியாது.